ஆறு பாக்கெட்டும் ஒரு வாக்குமூலமும்

2018 அக்டோபரில் நானும் என் மனைவியும் மூன்று மாத விசாவில் பாரிஸ் போயிருந்தோம். மகள் குடியிருப்பது வடக்குப் புறநகரில், சார்செல் பக்கம். போய்ச் சேர்ந்த மறுநாள் சனிக்கிழமை. காலையில் காபியைக் கையில் கொடுத்துவிட்டு மகள் கேட்டாள்:

"அப்பா, மத்தியானம் இவனைக் கொஞ்சம் கடைக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வர்றீங்களா? டூர்னமென்ட் இருக்கு. எங்க ரெண்டு பேருக்கும் இன்னைக்கு வேலை."

"என்ன டூர்னமென்ட்? செஸ்ஸா?"

"இல்லப்பா, கார்டு."

அடுப்படியிலிருந்து என் மனைவி தோசைக் கரண்டியோடு வந்துவிட்டாள். "பதிமூணு வயசுப் பிள்ளை சீட்டாடப் போவுதா? அதுக்கு இவரு துணையா?" அவளுடைய கோபத்துக்குக் காரணம் உண்டு. அவள் தாத்தா முத்தியால்பேட்டையில் ஒரு மனைக்கட்டையே சீட்டில் விட்டவர். அந்தக் குடும்பத்தில் சீட்டு என்ற சொல்லையே வீட்டுக்குள் சொல்ல மாட்டார்கள்.

பேரன் சிரித்துக்கொண்டே ஒரு சின்னப் பெட்டியைத் திறந்து காட்டினான். ராஜா, ராணி, கிளாவர், டைமன் எதுவும் இல்லை. ஒவ்வொரு கார்டிலும் ஒரு படம்: டிராகன், மந்திரவாதி, இடிந்த கோபுரம். கீழே பொடி எழுத்தில் ஏதோ விதி. அதற்குப் பெயர் மேஜிக்: த கேதரிங் என்றான். நண்பர்கள் பலருக்கு இது புதிதாக இருக்கும் என்பதால் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

1993-ல் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்ற அமெரிக்கக் கணித ஆசிரியர் உண்டாக்கிய ஆட்டம். வெளியிட்டது விசர்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் என்ற நிறுவனம். கார்டுகளை மூடிய பாக்கெட்டில் விற்பார்கள். அப்போது ஒரு பாக்கெட்டில் 15 கார்டு, விலை சுமார் 4 யூரோ. உள்ளே என்ன இருக்கும் என்று பிரித்தால்தான் தெரியும். சில கார்டு அரிதாக வரும், அதற்கு வெளியில் தனி விலை. அவரவர் சேர்த்ததிலிருந்து குறைந்தது 60 கார்டு கொண்ட ஒரு கட்டைத் தயார் செய்துகொண்டு போய் இன்னொருவரோடு ஆட வேண்டும். அதாவது ஆளுக்கு ஆள் சீட்டுக்கட்டு வேறு. யோசித்துப் பார்த்தால் விபரீதமான யோசனை.

எனக்கு உடனே நினைவுக்கு வந்தது தீப்பெட்டிப் படம். ஐம்பதுகளில் பாண்டியில் என் வயதுப் பையன்கள் எல்லோரும் தீப்பெட்டி லேபிளும் சிகரெட் அட்டையும் சேர்த்தோம். சேர்ப்பதோடு நிற்குமா? வட்டத்துக்குள் வைத்து ஓட்டுச் சில்லால் அடிப்போம், வெளியே தள்ளியவனுக்கு அது சொந்தம். இதைப் பேரனிடம் சொன்னபோது அவன் கண் விரிந்தது. "தாத்தா, மேஜிக்லயும் முதல்ல அப்படித்தான் இருந்துச்சு!" என்றான். உண்மைதானாம். ஆரம்பத்தில் ஆளுக்கு ஒரு கார்டைப் பணயமாக எடுத்து வைத்துவிட்டு ஆட வேண்டும், ஜெயித்தவன் இரண்டையும் எடுத்துக்கொள்வான் என்று விதியே இருந்திருக்கிறது. சூதாட்டம் என்ற பேச்சும் வந்தது, கார்டை இழக்க ஆட்டக்காரர்களுக்கும் மனமில்லை. அந்த விதி கைவிடப்பட்டது. பணயத்தைப் பற்றிப் பேசும் பழைய கார்டுகளுக்கு இன்றும் போட்டிகளில் தடை.

கடை பாரிஸ் 5-ஆம் வட்டாரத்தில். பெயர் வேண்டாம். கீழ்த்தளத்தில், பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்ட நீள மேசைகள், 24 பேர். என் பேரன் வயதில் மூன்று பேர்தான். மற்றவர்கள் கல்லூரி மாணவர்கள், ஒருவர் எனக்குப் பத்து வயது குறைவாக இருக்கலாம். சுவிஸ் முறைப்படி ஐந்து சுற்று. இந்த முறை 1895-ல் சூரிச்சில் ஒரு செஸ் போட்டியில் வந்தது. தோற்றவன் வீட்டுக்குப் போக வேண்டியதில்லை, அடுத்த சுற்றில் தன்னைப் போலவே தோற்ற இன்னொருவனோடு ஆடலாம். வெற்றிக்கு 3 புள்ளி, சமனுக்கு 1. எனக்கு இது மிகவும் பிடித்திருந்தது.

சுவரில் பரிசுப் பட்டியல் ஒட்டியிருந்தார்கள். ஐந்திலும் ஜெயித்தால் 10 பாக்கெட். 12 புள்ளிக்கு 6 பாக்கெட். 10 புள்ளிக்கு 2. அதற்குக் கீழே ஒன்றுமில்லை.

நான்கு சுற்று முடிந்ததும் பேரனிடம் 9 புள்ளி. கடைசிச் சுற்றில் எதிரே உட்கார்ந்த கல்லூரி மாணவனிடமும் 9. ஆளுக்கு ஒரு ஆட்டம் ஜெயித்து, மூன்றாவது ஆட்டம் இழுத்துக்கொண்டே போனது. ஒரு சுற்றுக்கு 50 நிமிடம், அதன்பின் ஐந்தே முறை. முடியாவிட்டால் சமன். கடிகாரத்தில் நான்கு நிமிடம்தான் பாக்கி.

முப்பத்தாறு வருடம் அரசாங்கத்தில் பில் கூட்டியவனுக்குக் கை சும்மா இருக்குமா? சமனானால் ஆளுக்கு 2, மொத்தம் 4. யாராவது ஒருவர் ஜெயித்தால் 6, அதைப் பிரித்தால் ஆளுக்கு 3. சமன் இருவருக்கும் நஷ்டம்! பேரனின் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு குனிந்து தமிழில் சொன்னேன்:

"அந்தத் தம்பியை விட்டுக்கொடுக்கச் சொல்லு ராஜா. வர்ற ஆறுல மூணு அவனுக்குக் குடுத்துடு. ரெண்டு பேருக்கும் லாபம்."

பேரன் அதை அப்படியே பிரெஞ்சில் எதிரே இருந்தவனிடம் சொன்னான். அந்த மாணவன் பதில் சொல்லவில்லை. கையை உயர்த்தினான்.

கறுப்புச் சட்டை போட்ட நடுவர் வந்தார். இருபத்தைந்து வயதுப் பெண். மாணவன் சங்கடத்தோடு நடந்ததைச் சொன்னான். நடுவர் பேரனைத் தனியாக அழைத்துக்கொண்டு போய், "நீ சொன்ன வார்த்தைகளை அப்படியே சொல்லு" என்றார். அவன் சொன்னான். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. ஒன்றை மட்டும் விட்டுவிட்டான்: அந்த யோசனை யாருடையது என்பதை.

அப்போது நடுவர் ஒரு வார்த்தை சொன்னார். கொருப்சியோன். மெதுவாகத்தான் சொன்னார். எனக்குப் பள்ளிக்கூடம் முழுக்கப் பிரெஞ்சு. கணக்கும் சரித்திரமும் அந்த மொழியில்தான் படித்தேன். 1962-ல் பாண்டி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது எனக்குப் பதினாலு வயது. அதற்குப் பிறகுதான் இங்கிலீஷும் ஆபீஸ் தமிழும். எனவே அந்தச் சொல்லுக்கு எனக்கு யாரும் அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. லஞ்சம். என் பேரன், பதிமூன்று வயதில், இருபது ஜோடிக் கண்கள் பார்க்க, லஞ்சம் கொடுக்க முயன்றதற்காகப் போட்டியிலிருந்து நீக்கப்பட்டான். பரிசு கிடையாது, புள்ளியும் கிடையாது.

இப்படி நீக்கும்போது சம்பந்தப்பட்டவர்களிடம் எழுத்தில் வாக்குமூலம் வாங்குவார்களாம். இரண்டு பையன்களும் எழுதினார்கள். நானும் எழுதலாமா என்று கேட்டேன். நடுவர் ஒரு தாளை நீட்டினார். ஐம்பது வருடத்துக்குப் பிறகு பிரெஞ்சில் ஒரு அதிகாரபூர்வமான தாள் எழுதினேன். பள்ளியில் கற்றுக்கொடுத்தபடி 'ழெ சுசினே' என்று ஆரம்பித்தேன், 'கீழே கையொப்பமிடும் நான்' என்று அர்த்தம். ஓய்வுபெற்ற அரசு ஊழியர் என்று போட்டுக்கொண்டேன். யோசனை என்னுடையது, சிறுவன் எனக்குக் கீழ்ப்படிந்தான், விதி தெரியாதது என் குற்றம் என்று எழுதித் தேதி போட்டுக் கொடுத்தேன். அந்தப் பெண் படித்தாள். முதல் வரியில் லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. பிறகு சொன்னாள்: "மெசியே, கேட்டது அவன் வாய். அதனால் தீர்ப்பு மாறாது. ஆனால் இந்தத் தாள் என் அறிக்கையோடு மேலே போகும்."

இதைவிட ஒழுங்காக நான் எந்த அலுவலகத்திலும் யாரும் ஒரு கோப்பைக் கையாண்டு பார்த்ததில்லை.

திரும்பும்போது ரயிலில் அவன் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான். சாந்தெனி தாண்டிய பிறகுதான் பேசினான்.

"தாத்தா, உங்க பீரோவுல இது லஞ்சம் இல்லியா?"

அவனுக்குப் பீரோ என்றால் அலுவலகம், பிரெஞ்சுப்படி. நமக்கு அலமாரி. ஒரு வினாடி என் வீட்டு அலமாரியைப் பற்றித்தான் கேட்கிறான் என்று நினைத்தேன். குத்திக்காட்டக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். "அங்கயும் லஞ்சம்தான்" என்றேன். அதற்கு மேல் அன்று ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதைக் கீழே எழுதுகிறேன்.

மறுநாளிலிருந்து எனக்கு வேறு வேலை இல்லை. மருமகனின் கம்ப்யூட்டரில் மேஜிக் போட்டி விதிகள் முழுவதையும் படித்தேன். நம் ஆட்களுக்கு ஸ்வாமி ஹேண்ட்புக் ஞாபகம் இருக்கும். அதே சுவை. பத்தி, உட்பத்தி, விதிவிலக்கு. அந்தக் குறிப்பிட்ட விதியை வந்தடைந்தபோது நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆட்டக்காரர்கள் பரிசைப் பிரித்துக்கொள்ளத் தடையே இல்லை! வருவதைச் சமமாகப் பங்கு போடலாம் என்று ஆட்டத்துக்கு முன்போ நடுவிலோ பேசிக்கொள்ளலாம். எதிராளிக்கு விட்டுக்கொடுக்கவும் தடை இல்லை. இரண்டு பேரும் ஒத்துப்போய் சமன் என்று முடித்துக்கொள்ளவும் அனுமதி உண்டு. கூடாதது ஒன்றுதான்: 'நீ விட்டுக்கொடு, அதற்குப் பதிலாக நான் தருகிறேன்' என்று முடிவையும் பரிசையும் ஒரே வாக்கியத்தில் முடிச்சுப் போடுவது. அதேபோல் நாணயத்தைச் சுண்டி வெற்றியைத் தீர்மானித்தாலும் அப்போது நீக்கம்தான்.

அதாவது "வர்றதைப் பாதிப் பாதி வெச்சுக்கலாமா?" என்று மட்டும் என் பேரன் கேட்டிருந்தால் குற்றமில்லை. பிறகு அந்த மாணவன் தானாகவே எழுந்து போயிருந்தாலும் குற்றமில்லை. பாக்கெட் கணக்கு ஒன்றேதான். 'அதற்குப் பதிலாக' என்ற சொல்தான் வித்தியாசம். அரசாங்கத்தில் இருந்தவர்களுக்கு இது புதிதல்ல. ஒரு 'மற்றும்', ஒரு 'அல்லது' மாறினால் ஒருவருடைய பென்ஷனே மாறிவிடும்.

இது மேஜிக்கின் கதை. மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை வந்தது. வசதியாக, பேத்திக்கு அப்போது ஒன்பது வயது, அவள் போக்கிமான் கட்சி. எதிர்வீட்டுப் பையன் யூ-கி-ஓ. ஒரே மாடிப்படியில் மூன்று நிறுவனம்.

போக்கிமான் கார்டு 1996-ல் ஜப்பானில் வந்தது. ஆங்கிலத்தில் முதலில் வெளியிட்டதும் போட்டி நடத்தியதும் மேஜிக்கின் அதே விசர்ட்ஸ்தான். 2003-ல் போக்கிமான் நிறுவனமே பொறுப்பை எடுத்துக்கொண்டு 2004-லிருந்து தன் உலகப் போட்டியை நடத்துகிறது. இவர்கள் செய்த நல்ல காரியம் வயதுப் பிரிவு. சின்னவர், நடுத்தரம், பெரியவர் என்று மூன்று. ஒன்பது வயதுப் பெண் இருபத்தைந்து வயது மீசைக்காரனிடம் தோற்று அழ வேண்டியதில்லை, அவளுக்கென்று தனி வரிசை, தனிப் பரிசு. நடத்துகிறவர்களுக்குப் 'புரொபசர்' என்று பட்டம், அதற்குத் தேர்வு எழுத வேண்டும். ஆரம்ப வருடங்களில் பெரிய போட்டிகளில் பணத்தைக் கையில் தராமல் கல்வி உதவித்தொகையாகத் தந்தார்கள், பின்னால்தான் ரொக்கமாயிற்று. கடைகளில் நடக்கும் சின்னப் போட்டிகளில் பாக்கெட்டைவிட முக்கியம் புள்ளிகள். வருடம் முழுக்கச் சேர்த்தால் உலகப் போட்டிக்கு அழைப்பு, மேலே உள்ள சிலருக்குப் பயணச் செலவும் உண்டு. புள்ளியைப் பாதிப் பாதி பிரிக்க முடியாது. என்னைப் போன்ற தாத்தாக்களுக்கு அங்கே வேலை குறைவு.

ஒரு வேடிக்கை. அந்த ஆட்டத்தில் ஆரம்பத்திலேயே உங்கள் கட்டிலிருந்து ஆறு கார்டை எடுத்துக் கவிழ்த்து வைத்துவிட வேண்டும். அதற்குப் பெயரே 'பரிசு'. எதிராளியின் பிராணியை வீழ்த்தும்போதெல்லாம் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம், ஆறையும் எடுத்தவர் ஜெயித்தார். நம் பொருளையே நம்மிடமிருந்து எடுத்து வைத்துக்கொண்டு, கஷ்டப்பட்ட பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தந்து பரிசு என்பது. பேத்தியிடம் சொன்னேன், "இது ஜி.பி.எஃப். அட்வான்ஸ் மாதிரி இருக்குதே!" அவளுக்குப் புரியவில்லை. மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். அன்றோடு சீட்டாட்டக் கோபமும் போனது.

யூ-கி-ஓ நடத்துவது கொனாமி. தக்கஹாஷி கசுகி வரைந்த படக்கதையிலிருந்து வந்த ஆட்டம், கொனாமியின் கார்டு 1999-ல். இவர்கள் கொள்கையே வேறு. நான் அங்கே இருந்த காலத்தில் எவ்வளவு பெரிய போட்டியானாலும் ரொக்கம் என்ற பேச்சே இல்லை. விளையாட்டுக் கருவி, படம் போட்ட மேசை விரிப்பு, அடுத்த கட்டப் போட்டிக்கு அழைப்பு, பெரிய இடத்தில் ஜெயித்தால் கடையில் கிடைக்காத ஒரு சிறப்புக் கார்டு. உலகப் போட்டிக்கென்று அச்சிடும் பரிசுக் கார்டுகளை வைத்து ஆடவே கூடாது என்று அந்தக் கார்டிலேயே எழுதியிருப்பார்கள். பேசி வைத்துக்கொண்டு சமன் செய்வதும் அங்கே குற்றம். மேஜிக் அனுமதிப்பதை இவர்கள் ஏமாற்று வேலை என்கிறார்கள். இரண்டு பேர் ஒரே ஆட்டக் கட்டைப் பிடித்துக்கொண்டு வேறு வேறு கடைக்குப் போனால், ஒரு வாசலில் நல்லவன், அடுத்த வாசலில் குற்றவாளி.

எதிர்வீட்டுப் பையனிடம் கேட்டேன்: "அந்த ஒரே ஒரு கார்டு கிடைச்சா என்ன செய்வ?" யோசிக்கவே இல்லை, "விற்பேன்" என்றான். இணையத்தில் அவற்றின் விலையைக் காட்டினான். ஆயிரக்கணக்கில். கையில் பணம் தருவதில்லை என்பது சரி. பணமாக மாறுவதைத் தருகிறார்கள். எனக்கு என்னவோ ரொக்கமே மேல் என்று படுகிறது. அதற்கு ஒரு ரசீதாவது இருக்கும், வரி கட்டுவார்கள். மேஜிக்கிலும் ஒருமுறை இப்படி நடந்திருக்கிறது. 1996 உலகப் போட்டியில் ஜெயித்த ஆஸ்திரேலியர் டாம் சான்பெங்குக்கு உலகத்திலேயே ஒன்றே ஒன்றாக அச்சிட்ட கார்டைக் கண்ணாடி போன்ற கட்டிக்குள் பதித்துக் கொடுத்தார்கள். சில வருடத்தில் அவரும் அதை விற்றுவிட்டார். அவரைக் குறை சொல்ல நான் யார்?

ஆனால் ரொக்கத்துக்கும் ஒரு கதை இருக்கிறது. விசர்ட்ஸ் 1996 பிப்ரவரியில் நியூயார்க்கில் புரோ டூர் என்ற தொழில்முறைப் போட்டியை ஆரம்பித்தது, சீட்டாடியே பிழைக்கலாம் என்று ஒரு கூட்டம் கிளம்பியது. நான் பாரிஸில் இருந்த அந்த டிசம்பரில், அடுத்த வருடத்துக்கு ஒரு கோடி டாலர் பரிசு என்று அறிவிப்பு வந்தது. 32 பேருக்கு ஆளுக்கு 75,000 டாலர் ஒப்பந்தம், அதாவது சம்பளம் மாதிரி. பேரன் குதித்தான். 2020 பிப்ரவரியில் ஹோனலூலுவில் உலகப் போட்டியை ஜெயித்த பிரேசில்காரர் பாவ்லோ விட்டோர் டாமோ ட ரோசாவுக்கு 3 லட்சம் டாலர். 2021 மே மாதம், இந்த ஏற்பாடெல்லாம் அடுத்த பருவத்தோடு முடிகிறது என்று நிறுவனம் சொல்லிவிட்டது. 2023-ல் பிரெஞ்சுக்காரர் ழான்-எம்மானுவேல் தெப்ரா உலகப் பட்டம் வென்றபோது முதல் பரிசு ஒரு லட்சம். அதுவும் பெரிய தொகைதான். ஆனால் 75,000-ஐ நம்பி வேலையை விட்டவர்களை நினைத்தால், நம் ஊரில் தினக்கூலியில் எடுத்து, நிரந்தரமாகும் என்று காக்க வைத்து, ஒருநாள் வராதே என்று சொல்லப்பட்டவர்கள்தான் என் கண்ணில் நிற்கிறார்கள். போக்கிமானின் வயதுப் பிரிவும் கொனாமியின் மேசை விரிப்பும் யாரையும் வேலையை விட வைக்கவில்லை.

எங்கள் பள்ளியில் பணப் பரிசு கிடையாது. வருடக் கடைசியில் பரிசளிப்பு நடக்கும், சிவப்பு அட்டை, பொன் எழுத்துப் போட்ட பிரெஞ்சுப் புத்தகம் தருவார்கள். 1960-ல் எனக்கு ஒன்று கிடைத்தது. முதல் இருபது பக்கம் செல்லரித்துவிட்டது. பழைய புத்தகக் கடைக்காரர்கூட வேண்டாம் என்பார். இன்றும் என் பீரோவில்தான் இருக்கிறது. நம் ஊர் பீரோவில்.

இனி நான் பேரனிடம் சொல்லாமல் விட்டது. 1981. நான் அப்போது பில் பார்க்கும் பிரிவில். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். ஒரு சப்ளை காண்டிராக்டரின் பில் வந்தது. கூட்டல் சரி, ரசீது சரி, முத்திரை சரி. வரிசைப்படி அதன் முறை வந்தபோது பாஸ் செய்து மேலே அனுப்பினேன். ஒரு நாள் முன்னுமில்லை, பின்னுமில்லை. அடுத்த வாரம் அவர் வந்து மேசையில் ஒரு ஹீரோ பேனாவை வைத்தார். "பில்லுக்கு இல்ல சார், பொங்கலுக்கு" என்றார். தங்க மூடி. நான் எடுத்துக்கொண்டேன். ஒன்றும் தவறாகச் செய்யவில்லையே, செய்து முடித்த வேலைக்குத்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அடுத்த மாதக் கட்டு வந்தது. நாற்பது பில் இருக்கும். என் கை அந்தக் கட்டுக்குள் அவர் பெயரைத் தேடியது. தேடி, எடுத்து, மேலே வைத்தது. யாரும் என்னிடம் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. அன்று கட்டின் மேலே இருந்தது ஒரு பள்ளிக்கூட ஆயாவின் பில், பதினேழு ரூபாய் சொச்சம். அது இரண்டாவதாகப் போனது. அதனால் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை, இரண்டும் அன்றைக்கே பாஸானது. அந்தப் பேனாவால் நான் பல வருடம் எழுதினேன். இதை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. இப்போது படித்துத் தெரிந்துகொள்ளப்போகிறாள்.

டிசம்பரில் நாங்கள் ஊருக்குக் கிளம்பும் வாரம் மின்னஞ்சலில் பதில் வந்தது. பேரன் மீது மேற்கொண்டு நடவடிக்கை இல்லை, ஆடலாம் என்று. அவன் அதை அச்சிட்டு எனக்கு ஒரு பிரதி கொடுத்தான். "உங்க ஃபைலுக்கு தாத்தா" என்றான்.

கொரோனாவெல்லாம் முடிந்து 2022 டிசம்பரில் மறுபடி போனோம். அவனுக்குப் பதினேழு. என்னைவிட உயரம், குரல் மாறியிருந்தது. சனிக்கிழமை நானாகவே கேட்டேன், கடைக்கு வரட்டுமா என்று. அதே கீழ்த்தளம், புது நாற்காலிகள். நான் சுவரோரம் போய் உட்கார்ந்துகொண்டேன், மேசைக்குப் பத்தடி தள்ளி.

கடைசிச் சுற்று. எதிரே ஒரு சின்னப் பையன், பன்னிரண்டு இருக்கும். கடிகாரம் ஓடுகிறது. அந்தப் பையன் முன்னால் குனிந்து ஏதோ ஆரம்பித்தான். 'பார்த்தாழே' என்ற சொல் காதில் விழுந்தது, பங்கு போடுவது. என் பேரன் சட்டென்று உள்ளங்கையைக் காட்டி, "இரு, அதுக்கு மேல சொல்லாத" என்று நிறுத்திவிட்டு, மறு கையை உயர்த்தி நடுவரைக் கூப்பிட்டான். வந்தவரிடம், "பரிசைப் பிரித்துக்கொள்வதைப் பற்றி எப்படிப் பேசலாம் என்று இவனுக்குச் சொல்லுங்கள்" என்றான். நடுவர் விளக்கினார். இருவரும் வருவதைச் சமமாக வைத்துக்கொள்வதென்று தலையாட்டினார்கள். பிறகு ஆடினார்கள். பேரன் தோற்றான்.

அவன் என் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். நான் வாயே திறக்கவில்லை.

ரயிலில் தன் பங்கு மூன்று பாக்கெட்டில் ஒன்றை என்னிடம் கொடுத்தான். "நீங்க பிரிங்க." நகம் வலுவில்லை, பல்லால் கிழித்தேன். ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்தான். "ஒண்ணும் இல்ல தாத்தா, எல்லாம் சும்மா." அதில் ஒரு நிலக் கார்டு இருந்தது, எல்லாப் பாக்கெட்டிலும் வருவது, காசு பெறாது. தண்ணீரும் நாணலும் சாயங்கால வெளிச்சமும். ஊசுட்டேரி மாதிரியே இருந்தது. அதை நான் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டு வாங்கி வந்தேன். சிவப்புப் புத்தகத்தில், செல்லரிக்காத பக்கமாகப் பார்த்து வைத்திருக்கிறேன்.